வேலான் வருவார், காத்திருங்கள்

ஜெர்மனிக்குக் குடிபோகிறீர்களா? பருப்புப் பொடி, குக்கர் வாஷர், சாமி படம் இவற்றோடு ஒரு செலோடேப்பையும் ஒரு மார்க்கர் பேனாவையும் பெட்டியில் போட்டுக்கொள்ளுங்கள். வீட்டுக்கு இணைய இணைப்பு வாங்க அவை இரண்டும் இல்லாமல் முடியாது. ஏன் என்று உரிய இடத்தில் சொல்கிறேன். ஸ்டுட்கார்ட்டுக்கு வந்த புதிதில் எனக்கு இதை யாரும் சொல்லவில்லை. ஏழு வாரம் ரயில் நிலையத்து இலவச வைஃபையில் நின்றபடிதான் அம்மாவிடம் வீடியோவில் பேசினேன். பின்னால் எப்போதும் ஒரு ரயில் போய்க்கொண்டிருக்கும். நான் ரயில்வேயில் வேலை பார்ப்பதாக அம்மா தெருவில் சொல்லிவைத்திருந்தது பிறகுதான் தெரிந்தது.

ஆயத்தங்கள் ஊரிலேயே தொடங்க வேண்டும். முதல் கேள்வி, இந்திய எண்ணை என்ன செய்வது? நம் குடும்பங்களில் இதற்கு மரபான தீர்வு ஒன்று உண்டு. சிம்மைக் கழற்றி அப்பாவிடம் கொடுத்துவிட்டுப் போவது. அப்பா அதைத் தன் பழைய பட்டன் போனில் போட்டு பீரோ மேல் பத்திரமாக வைத்துவிடுவார். அப்புறம் உங்களுக்கு வங்கி ஓடிபி வேண்டுமென்றால் வழி எளிது. ஜெர்மன் கடிகாரம் நம்முடையதைவிடக் கோடையில் மூன்றரை மணி, குளிர்காலத்தில் நாலரை மணி பின்னால் ஓடும். வேலை முடிந்து நீங்கள் உட்காருகிற ஏழு மணிக்கு ஊரில் பத்தரை. அப்பா தூங்கி ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். எழுப்புங்கள்.

“அப்பா, என் சிம்முக்கு ஒரு மெசேஜ் வந்திருக்கும், பாருங்க.”

“இருடா, கண்ணாடிய எங்க வச்சேன்...”

“சீக்கிரம்ப்பா, மூணு நிமிஷம்தான் டைம்.”

“வந்திருக்கு. ரீசார்ஜ் முடியப்போவுதுன்னு போட்டிருக்கான். இதா?”

“அது இல்லப்பா, அதுக்கு அடுத்தது.”

“நாலு, ஏழு, ஏழு... டேய், இத யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு போட்டிருக்கேடா.”

மரபை மீறத் துணிந்தவர்கள் சிம்மைத் தங்கள் போனிலேயே இரண்டாவது ஸ்லாட்டில் போட்டுக்கொள்ளலாம். கிளம்புமுன் சர்வதேச ரோமிங்கை இயக்குங்கள். ரோமிங் டேட்டாவை அணையுங்கள். வேலிடிட்டி தீராமல் ரீசார்ஜ் செய்துவாருங்கள். வந்து சேரும் குறுஞ்செய்திக்கு அங்கே காசு கிடையாது. வரும் அழைப்பை எடுத்தால்தான் காசு. விடிகாலை ஆறு மணிக்குப் பர்சனல் லோன் வேண்டுமா என்று கேட்டு ஒரு அழைப்பு வரும். வேண்டாம் என்று சொல்வதற்கு நிமிடக் கணக்கில் நீங்கள்தான் கட்ட வேண்டும். வெளிநாட்டு எண்ணிலேயே யூபிஐ வந்துவிட்டதே, பழைய சிம் எதற்கு என்று ஒரு நண்பர் கேட்பார். அந்த அனுமதி 2023ல் வந்தபோது பட்டியலில் 10 நாடுகள் இருந்தன. சிங்கப்பூர் இருந்தது, ஓமன் இருந்தது, ஜெர்மனி இல்லை.

அடுத்து, மொழிப் பயிற்சி. ஜெர்மன்காரர்கள் மொபைல் போனுக்கு வைத்திருக்கும் பெயர் ஹேண்டி. ஆங்கிலச் சொல் மாதிரித்தான் இருக்கும். ஆங்கிலேயரிடம் சொன்னால் விழிப்பார்கள். வைஃபைக்கு அவர்கள் சொல்வது வேலான். குடிவந்த மூன்றாம் நாள் கீழ்வீட்டுப் பாட்டி மாடிப்படியில் என்னை நிறுத்தி, “வேலான்?” என்றார். எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. சுவாமிமலை, திருச்செந்தூர் எல்லாம் கண்முன் வந்துபோயின. உங்கள் வீட்டில் வைஃபை இருக்கிறதா, என் வீட்டில் நேற்றிலிருந்து இல்லை என்று கேட்டிருக்கிறார். இல்லை என்றேன். அந்தச் சொல்லைத்தான் அடுத்த ஏழு வாரமும் சொல்லப்போகிறேன் என்று அப்போது தெரியாது.

சிம் வாங்க மளிகைக் கடைக்குப் போங்கள். ஆல்டி, லிடில் போன்ற மலிவுக் கடைகளில் சூயிங்கம்முக்கும் பேட்டரிக்கும் நடுவே பில் போடும் இடத்தில் சிம் தொங்கும். மளிகைக் கடைக்காரருக்குக் கோபுரம் ஏது என்று கவலைப்பட வேண்டாம். டெலிகாம், வோடஃபோன், ஓ2 என்று மூன்று பெரிய வீடுகள். மற்றப் பெயர்கள் பெரும்பாலும் அவற்றில் வாடகைக்கு இருப்பவை. ஆல்டியின் சிம் ஓ2 வீட்டில், லிடிலின் சிம் வோடஃபோன் வீட்டில். ஐன்ஸ் உண்ட் ஐன்ஸ் மட்டும் 2023 டிசம்பரில்தான் மொபைலுக்குத் தனி வீடு கட்டிக் குடிபுகுந்தது. இந்தப் ப்ரீபெய்டு திட்டங்களில் கட்டணம் மாதத்துக்கு என்று நினைத்தால் நாலு வாரத்துக்கு என்றிருக்கும். அதாவது வருஷத்துக்கு 13 மாதம். 28 நாள் ரீசார்ஜில் வளர்ந்த நமக்கு இதைப் படிக்கும்போது ஊர் ஞாபகம் வரும்.

வாங்கினால் மட்டும் சிம் உயிர் பெற்றுவிடாது. 2017 ஜூலை 1 முதல் ப்ரீபெய்டு சிம்முக்கும் அடையாளச் சோதனை கட்டாயம். தபால் நிலையத்துக்குப் போகலாம். அல்லது வீடியோ அழைப்பில் ஒருவர் வருவார். பாஸ்போர்ட்டை நேராகப் பிடியுங்கள், சாயுங்கள், இன்னும் கொஞ்சம் சாயுங்கள், அந்த மின்னுகிற படம் தெரியட்டும் என்பார். கற்பூர ஆரத்தி காட்டுகிற கையசைவு தெரிந்தவர்களுக்கு இது சுலபம். சிம்மை இயக்க வீடியோ அழைப்பு, வீடியோ அழைப்புக்கு இணையம், இணையத்துக்குச் சிம். இந்தச் சக்கரத்தை எங்காவது உடைக்க வேண்டுமே என்றுதான் ரயில் நிலையங்களில் இலவச வைஃபை வைத்திருக்கிறார்கள்.

இந்தச் சோதனையில்தான் உங்கள் பெயரும் மாறும். படிவத்தில் குடும்பப் பெயர் என்று ஒரு கட்டம். நமக்கு ஏது குடும்பப் பெயர்? பாஸ்போர்ட்டில் அந்த இடத்தில் அப்பா பெயர் இருக்கும். அன்றிலிருந்து ஜெர்மன் நாட்டுக்கு நீங்கள் உங்கள் அப்பா. வங்கிக் கடிதம் அவருக்கு வரும். பல் டாக்டர் அவரைக் கூப்பிடுவார், நீங்கள் எழுந்து போவீர்கள். எங்கள் அப்பா கோவில்பட்டியைத் தாண்டிப் போனது இரண்டு தடவை. ஆனால் ஸ்டுட்கார்ட்டில் அவர் பேரில் ஒரு ஹேண்டி எண், ஒரு வங்கிக் கணக்கு, ஒரு நூலக அட்டை எல்லாம் இருக்கின்றன.

இப்போது நீங்கள் செய்ய வேண்டிய முதல் பெரிய தவறு, ஒப்பந்தம். வணிக வளாகத்தில் பலூன் கட்டிய கடையொன்றில் சிரித்த முகமாக ஒரு பையன் நிற்பான். போன் 1 யூரோ என்பான். மிச்சப் பணத்தை 24 மாதத்தில் வாங்கிக்கொள்வார்கள் என்பதைச் சொல்ல மறந்துவிடுவான். இணையத்தில் செய்த ஒப்பந்தத்தை 14 நாளுக்குள் ரத்து செய்யலாம். கடையில் நின்று போட்ட கையெழுத்துக்கு அந்த உரிமை கிடையாது. ஆகவே கடைக்கே போய்ப் போடுங்கள்.

2021 டிசம்பருக்கு முன்னால் இதைவிட விசேஷமாக இருந்தது. இரண்டு வருஷம் முடிகிற தேதிக்கு மூன்று மாதம் முன்பே ரத்துக் கடிதம் எழுதாவிட்டால் தானாக இன்னொரு வருஷம் நீளும். சட்டம் மாறி, முதல் தவணை முடிந்தபின் எப்போது வேண்டுமானாலும் ஒரு மாத அவகாசத்தில் விலகலாம் என்று ஆக்கிவிட்டார்கள். 12 மாத ஒப்பந்தம் ஒன்றையும் கம்பெனிகள் கொடுத்தாக வேண்டும். அது இருப்பதை நீங்களாகக் கேட்கும்வரை யாரும் சொல்ல மாட்டார்கள். புதிதாக வந்தவருக்கு இன்னொரு பாதுகாப்பும் உண்டு. ஷூஃபா என்கிற கடன் வரலாற்றுப் பதிவு. வரலாறே இல்லாதவரோடு ஒப்பந்தம் வேண்டாம் என்று கம்பெனியே மறுக்கலாம். அப்படி மறுத்தால் வருத்தப்படாதீர்கள், உங்கள் நல்ல நேரம் அது.

முருங்கைக்காய் வாங்கப் போகிற கடையில் யாழ்ப்பாணத்து அண்ணை ஒருவர் இருந்தார். ஊருக்குப் பேசுகிற சுரண்டல் கார்டுகளை விற்றுத்தான் கடையை வளர்த்தாராம். என் கையில் இருந்த வண்ணத் துண்டறிக்கையைப் பார்த்துவிட்டு, “தம்பி, உதில கையெழுத்து ஒண்டும் வையாதேங்கோ. முதல் ஒரு வருஷம் ப்ரீபெய்டிலையே இருங்கோ. வீட்டுக்கும் மாசா மாசம் விடுற மாதிரிப் பாத்து எடுங்கோ” என்றார். நாற்பது வருஷம் அந்த நாட்டில் இருந்தவர் சொல்கிறார். நான் அன்று சாயங்காலமே 24 மாதத்துக்குக் கையெழுத்துப் போட்டேன். மாதாமாதம் விடக்கூடிய திட்டத்துக்கு ஐந்து யூரோ கூடுதலாக இருந்தது.

வீட்டு இணைப்புக்கு வருவோம். விலையைப் பெரிய எழுத்தில் படியுங்கள், கண்ணுக்கு நல்லது. பெரிய எழுத்தில் 19.99 என்றிருக்கும். முதல் ஆறு மாதம் மட்டும், பிறகு இரட்டிப்பு என்பது சின்ன எழுத்தில். ரூட்டர் வாடகை தனி. 2016 ஆகஸ்ட் 1 முதல் உங்கள் சொந்த ரூட்டரை மாட்டிக்கொள்ள உரிமை உண்டு. அதைப் பயன்படுத்தாமல் மாத வாடகை கட்டினால் இரண்டு வருஷத்தில் ஒரு ரூட்டரின் விலையைக் கொடுத்துவிட்டு அதைத் திருப்பியும் அனுப்பலாம்.

வேகம் என்ற இடத்தில் 250 என்று போட்டு, முன்னால் ‘வரை’ என்று பொருள்படும் சொல்லை வைத்திருப்பார்கள். அந்த ‘வரை’ உங்கள் சுவரில் என்ன துளை இருக்கிறது என்பதைப் பொறுத்தது. பழைய டெலிபோன் துளை என்றால் செம்புக் கம்பி. தொலைக்காட்சித் துளை என்றால் கேபிள். நல்ல வேகம் வரும், ஆனால் ராத்திரி எட்டு மணிக்குக் கட்டடம் முழுக்க அதே குழாயில் தண்ணீர் பிடிக்கும். ஃபைபர் என்றால் நீங்கள் போன ஜென்மத்தில் புண்ணியம் செய்தவர்.

கார் செய்கிற நாட்டில் ஏன் இப்படி என்று கேட்காத தமிழன் கிடையாது. 1981லேயே ஹெல்முட் ஷ்மிட் அரசு நாடு முழுக்கக் கண்ணாடி இழை பதிக்கிற நீண்டகாலத் திட்டம் ஒன்றை எடுத்தது. மறுவருஷம் ஆட்சி கவிழ்ந்து ஹெல்முட் கோல் வந்தார். அவருடைய தபால் அமைச்சர் கிறிஸ்டியன் ஷ்வார்ட்ஸ்-ஷில்லிங் செம்புக் கேபிளில் தொலைக்காட்சி கொண்டுவருவதற்கு முன்னுரிமை கொடுத்தார். வீடுகளில் சானல்கள் பெருகின. இழை தள்ளிப்போனது. 2013ல் ஒபாமாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, இணையம் நமக்கெல்லாம் இன்னும் புதிய நிலம்தான் என்ற பொருளில் அங்கேலா மெர்கல் பேசியதை ஊரே கேலி செய்தது. செம்பை நம்பி வாழ்ந்தவர்களுக்கு அதில் கேலி செய்ய என்ன இருந்தது என்று எனக்கு இன்றும் புரியவில்லை.

கொடுத்த வாக்குக்கு வேகம் குறைந்தால் அரசின் கட்டமைப்பு ஆணையம் ஒரு கருவி வைத்திருக்கிறது. கட்டணத்தைக் குறைக்கச் சொல்லலாம், விலகவும் செய்யலாம். செய்ய வேண்டியது இவ்வளவே: கணினியை ரூட்டரோடு கேபிளால் கட்டி, மூன்று தனித்தனி நாட்களில் மொத்தம் 30 முறை அளக்க வேண்டும். சஷ்டி விரதம்கூட ஆறு நாள் என்பதால் இதைக் கடினம் என்று சொல்ல முடியாது.

இனி செலோடேப்.

ஜெர்மனியில் இணையம் தபாலில் வருகிறது. ஒப்பந்தம் தபாலில் வரும், ரூட்டர் பார்சலில் வரும், இரகசிய எண் தனித் தபாலில் வரும், டெக்னீஷியன் வரும் தேதியும் தபாலில் வரும். அன்று காலை எட்டு முதல் மாலை நாலு வரை வீட்டில் இருங்கள் என்று எனக்குக் கடிதம். லீவு போட்டேன். அழைப்புமணி காதில் விழாமல் போய்விடும் என்று மிக்ஸி போடவில்லை, குளிக்கவில்லை. கழிவறைக்குப் போனபோதுகூடக் கதவைத் திறந்து வைத்திருந்தேன். பகல் பன்னிரண்டுக்குத் தயிர்சாதம், நின்றுகொண்டே. நாலு பத்துக்குக் குறுஞ்செய்தி வந்தது: உங்களை வீட்டில் காண முடியவில்லை.

கீழே இறங்கிப் போய்ப் பார்த்தேன். வாசலில் பித்தளைத் தகட்டில் பன்னிரண்டு பொத்தான்கள். வீட்டு எண் ஒன்றிலும் கிடையாது, எல்லாம் பெயர். ஒவ்வொரு பொத்தானுக்கும் எதிரே கண்ணாடி போட்ட சின்னச் சட்டத்தில் ஒரு குடும்பப் பெயர். என் வீட்டுக்கு எதிரே எனக்கு முன்னால் குடியிருந்தவர் பெயர். அந்த நாட்டில் மாடி எண், கதவு எண் என்ற வழக்கம் பெரும்பாலும் இல்லை. தபால்காரரும் டெக்னீஷியனும் பெயரைத் தேடுவார்கள், இல்லையென்றால் போய்விடுவார்கள். இரண்டு வாரம் முன்பு ரூட்டரும் அப்படித்தான் வந்து, தபால்பெட்டியில் பெயர் காணாமல் திரும்பிப் போயிருந்தது. டெக்னீஷியன் சொன்ன நாளில் வராவிட்டால் 10 யூரோ அல்லது மாதக் கட்டணத்தில் 20 சதவீதம், எது அதிகமோ அது இழப்பீடு என்று சட்டம். கேட்டுப் பார்த்தேன். அவர் வந்தார், உங்கள் அப்பாதான் வாசலில் இல்லை என்ற பொருளில் மரியாதையாகப் பதில் வந்தது.

அன்று வீட்டில் செலோடேப் இல்லை. முதலுதவிப் பெட்டியிலிருந்த பிளாஸ்திரியை எடுத்து, அதன் மேல் பால்பாயின்ட் பேனாவால் அப்பா பெயரை எழுதி, மணியில் ஒன்றும் தபால்பெட்டியில் ஒன்றும் ஒட்டினேன். அடுத்த தேதி மூன்று வாரம் கழித்துக் கிடைத்தது. அதற்குள் கட்டடப் பராமரிப்பாளர் வந்து, காயம் யாருக்கு என்று கேட்டுவிட்டுப் போனார்.

இணைப்பு வந்த பிறகு கவனிக்க வேண்டியவை சில உண்டு. ஊரில் புதிதாக வெளியான படத்தை டோரண்டில் இறக்குங்கள். சில வாரத்தில் வக்கீல் அலுவலகத்திலிருந்து தடித்த உறை வரும். படத்தின் பெயர், நாள், மணி, நிமிஷம் எல்லாம் இருக்கும். பல நூறு யூரோ கேட்பார்கள். என் நண்பர் ஒருவருக்கு வந்தது. படம் நன்றாகவும் இல்லை என்றார். குடிபதிவு செய்ததும் காலாண்டுக்கு 55.08 யூரோ கேட்டு ஒரு கடிதம் வரும். இணையக் கட்டணம் என்று எண்ணிக் கம்பெனியோடு சண்டை போடாதீர்கள். அது பொது வானொலி, தொலைக்காட்சிக்கான வரி மாதிரி, வீட்டுக்கு ஒன்று. நீங்கள் டிவியே வாங்காவிட்டாலும் கட்ட வேண்டும்.

ரயிலில் போகும்போது வேலை செய்துகொண்டே போகலாம் என்று திட்டமிடுங்கள். 3ஜியை 2021ல் மூடிவிட்டார்கள், 2ஜி உயிரோடு இருக்கிறது. ஆகவே கருங்காட்டு மலைப் பக்கம் 4ஜி திடீரென்று 2ஜியாகத் தரையிறங்கும். நடுவில் படியே கிடையாது. கான்ஸ்டன்ஸ் ஏரிக்கரைக்குச் சுற்றுலா போனால் போன் தானாகப் பக்கத்து சுவிஸ் கோபுரத்தைப் பிடித்துக்கொள்ளும். 2017 ஜூன் 15 முதல் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் ரோமிங்குக்குத் தனிக் கட்டணம் இல்லை. சுவிட்சர்லாந்து ஒன்றியத்தில் இல்லை. ஏரியைப் படமெடுத்துக் குடும்பக் குழுவுக்கு அனுப்புமுன் திரையில் எந்த நாட்டுப் பெயர் தெரிகிறது என்று பாருங்கள்.

என்றாவது ஒருநாள் இணைப்பை ரத்து செய்ய நேரும். அதற்கு ஜெர்மனில் ஒரு சொல் உண்டு. தமிழ் எழுத்தில் அதை எழுதினால் ஆசிரியர் வெட்டிவிடுவார். குடும்பங்கள் படிக்கிற பத்திரிகை இது. 2022 ஜூலை 1 முதல் இணையத்தில் ஒப்பந்தம் விற்கிறவர் எவரும் ரத்துப் பொத்தானும் வைத்தாக வேண்டும் என்பதால் அதை வாயால் சொல்ல வேண்டிய அவசியம் குறைந்திருக்கிறது. 24 மாதத்துக்கு நடுவில் ஊர் திரும்பினாலும் வழியுண்டு. புது முகவரியில் கம்பெனியால் இணைப்புத் தர முடியாவிட்டால் ஒரு மாத அவகாசத்தில் விடுதலை. கோவில்பட்டி முகவரியையும் குடிபதிவு நீக்கிய சான்றையும் அனுப்பினேன். பதில் அப்பா பெயருக்கு வந்தது.

செலோடேப் ஜெர்மனியில் கிடைக்காதா என்று கேட்பீர்கள். தாராளமாகக் கிடைக்கும். டேஸா என்று கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள். ஆனால் சென்னையிலிருந்து கிளம்புகிறவர்கள் வார இறுதி பார்த்துத்தான் டிக்கெட் போடுகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை அங்கே கடை திறக்காது.